ஆளைப் பார்த்துச் சந்தேகம்: போலீஸின் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் எப்படி வேலை செய்கிறது?

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ ஒரு வீட்டுப் பூட்டு உடைந்தால், மறுநாள் காலை டீக்கடையில் வரும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: “அந்த வடக்கத்திப் பசங்க தங்கியிருக்கிற ரூமை ஒரு தரம் அலசினா போதும், எல்லாம் தெரிஞ்சிடும்.” ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே பேச்சில் வேறு சமூகத்தின் பெயர் இருந்திருக்கும். சொல்பவர் பொல்லாதவர் இல்லை. அமெரிக்காவில் ஒரு கறுப்பின இளைஞனைப் போலீஸ் காரணமில்லாமல் மறித்தது என்று செய்தி வந்தால் அவரே “என்னய்யா அநியாயம் இது” என்பார். இரண்டும் ஒரே விஷயம் என்பது மட்டும் அவருக்குப் படுவதில்லை.

இதற்கு வழங்கும் பெயர் ரேசியல் புரொஃபைலிங். 2020-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்த பிறகு இந்தப் பேச்சு நம் பக்கமும் நிறைய வந்துவிட்டது, ஆளுக்கொரு அர்த்தத்தில். சிலருக்கு, போலீஸ் வண்டியை ஓரம்கட்டச் சொன்னாலே அது புரொஃபைலிங். வேறு சிலருக்கு, அது வெள்ளைக்காரன் நாட்டுச் சமாச்சாரம், நமக்கு ஒட்டாது. இரண்டுமே தப்பு. அதைத் தடுக்கச் சட்டம் போடுவது என்றதும் குழப்பம் இன்னும் கூடுகிறது. போலீஸ்காரர் மனசுக்குள் என்ன நினைக்கிறார் என்று சட்டம் எப்படிப் பார்க்கும்? நல்ல கேள்வி. பார்க்க முடியாது. உருப்படியான சட்டங்கள் அந்த வேலைக்கே போவதில்லை.

ஒரே பஸ், பல பைகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய்வருகிறவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச்சாவடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு. அதைத் தமிழ்நாட்டுக்குள் கடத்துவது குற்றம். ஆகவே எல்லையில் போலீஸ் நிற்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாதிரி ஓர் இடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பஸ் நிற்கிறது, ஒரு காவலர் ஏறுகிறார்.

அவர் எல்லாப் பைகளையும் திறந்து பார்த்தால் பயணிகளுக்கு எரிச்சல் வரும், ஆனால் பாகுபாடு இல்லை. நேரமில்லை என்று ஐந்தாவது சீட், பத்தாவது சீட் என எண்ணிப் பார்த்தாலும் அப்படியே. ஒரு பைக்குள் பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்டு அதை மட்டும் திறக்கச் சொன்னால் அது கெட்டிக்காரத்தனம். “கட்டம் போட்ட சட்டை, பச்சை டிராவல் பேக், கடைசி சீட்” என்று முன்கூட்டியே தகவல் வந்து நேராக அங்கே போனால் அதுவும் சரிதான்.

இப்போது இன்னொரு விதம். சத்தம் கேட்கவில்லை, தகவலும் வரவில்லை. காவலர் ஒரு பார்வை பார்க்கிறார். பாசிமணி மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் நரிக்குறவப் பெண்மணியின் மூட்டை அவிழ்க்கப்படுகிறது. தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களின் பை திறக்கப்படுகிறது. தேய்த்த சட்டையும் தோல் பையுமாக இருப்பவரிடம் “சார், கொஞ்சம் நகர்ந்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் காவலர் இறங்கிப் போகிறார். தோல் பைக்குள் என்ன இருந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இந்தக் கடைசி விதம்தான் நம் விஷயம். ஒருவர் என்ன செய்தார், அவரைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அவருடைய நிறம், இனம், சாதி, மதம், மொழி, ஊர் ஆகியவற்றை வைத்து ‘இவர் செய்யக்கூடிய ஆள்’ என்று போலீஸ் பொறுக்கி எடுப்பது. இனி இதை அடையாளச் சந்தேகம் என்று சொல்கிறேன்.

இன்னொரு சொல்லும் நமக்கு வேண்டும்: நியாயமான சந்தேகம். கண்ணால் கண்ட, காதால் கேட்ட ஏதோ ஒன்றைச் சுட்டிக்காட்டி “இதனால்தான் நிறுத்தினேன்” என்று சொல்ல முடிந்தால் அது நியாயமான சந்தேகம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-ல் டெர்ரி வழக்கில், சாலையில் ஒருவரை நிறுத்தித் தடவிப் பார்க்கப் போலீஸுக்கு அனுமதி கொடுத்தபோது வைத்த நிபந்தனை இதுதான். “என் சர்வீஸ்ல எனக்குத் தோணிச்சு” என்பது போதாது. என்ன பார்த்துத் தோன்றியது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இதுவரை: போலீஸ் நிறுத்துவதெல்லாம் பாகுபாடு இல்லை. நடத்தையையோ குறிப்பான தகவலையோ வைத்து நிறுத்துவது போலீஸ் வேலை. அடையாளத்தை வைத்து நிறுத்துவதுதான் கோளாறு.

வலை போட்ட இடத்தில் மீன்

“அதெல்லாம் சரி, ஆனா பிடிபடுறவங்க அந்த ஆளுங்கதானே? ரெக்கார்டைப் பாருங்க” என்பார்கள். இந்த வாதம்தான் அடையாளச் சந்தேகத்தை உயிரோடு வைத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு படகு வருடம் முழுக்க ஒரே இடத்துக்குப் போய் வலை விடுகிறது என்று வையுங்கள். வருடக் கடைசியில் கணக்கு நோட்டைப் புரட்டினால் பிடித்த மீன் எல்லாம் அந்த இடத்து மீனாகத்தான் இருக்கும். அதைக் காட்டி “பார்த்தீர்களா, கடலில் வேறெங்கும் மீனே கிடையாது” என்று சொன்னால் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் சிரித்துவிடுவார். போலீஸ் ரெக்கார்டு என்பதும் எங்கே தேடினோம் என்பதன் கணக்கு. குற்றம் எங்கே இருக்கிறது என்பதன் கணக்கு ஆகாது. ஒரு தெருவையே திரும்பத் திரும்பச் சோதித்தால் அந்தத் தெருவில் கேஸ் ஏறும். ஏறிய கேஸைக் காட்டி மறுபடி அந்தத் தெருவுக்கே போவார்கள்.

உண்மை தெரிய வேண்டுமென்றால் வேறு கணக்குப் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதை விடுங்கள். ஒவ்வொரு சமூகத்திலும் நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேரிடம் பொருள் கிடைத்தது? இதற்கு வெற்றி விகிதம் என்று பெயர். இந்த ஒரு கணக்கில் பல வாதங்கள் சரிந்துவிடும்.

நியூயார்க்கில் அதுதான் நடந்தது. அங்கே 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை போலீஸ் சுமார் 44 லட்சம் முறை ஆட்களைத் தெருவில் நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் மக்களும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). நகர மக்கள்தொகையில் இவர்கள் பாதிதான். நிறுத்தியதில் 88 சதவீதம் பேர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் அனுப்பப்பட்டார்கள். வெற்றி விகிதத்துக்கு வருவோம்: ஆயுதம் கிடைத்தது கறுப்பினத்தவரை நிறுத்தியதில் 1 சதவீதம், ஹிஸ்பானிக் மக்களில் 1.1, வெள்ளையரில் 1.4. அதிகமாகச் சந்தேகப்பட்ட இடத்தில் குறைவாகக் கிடைத்திருக்கிறது. ஏன்? வெள்ளையரை நிறுத்தும்போது உருப்படியான காரணம் இருந்தால்தான் நிறுத்தினார்கள் என்று புரிந்துகொள்ளலாம். மற்றவர்களை நிறுத்த அவ்வளவு காரணம் தேவைப்படவில்லை.

2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், அந்த நகரம் இதைச் செய்த விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். “கை கட்டிப்போட்டால் கொலை பெருகிவிடும்” என்று அப்போது பலர் பயமுறுத்தினார்கள். 2011-ல் 6,85,000-ஐத் தாண்டியிருந்த நிறுத்தங்கள் 2017-ல் 12,000-க்கும் கீழே வந்தன. அதே காலத்தில் கொலைகள் 515-லிருந்து 292 ஆகக் குறைந்தன. நிறுத்துவதைக் குறைத்ததால்தான் கொலை குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை, குற்றம் குறைய ஆயிரம் காரணம் இருக்கும். சொன்னபடி பெருகவில்லை, அவ்வளவுதான்.

இங்கேயே ஒரு காலத்தில் இது சட்டமாக இருந்தது

இது அமெரிக்கச் சரக்கு என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். அங்கே போலீஸ் பழக்கமாகச் செய்ததை இங்கே பிரிட்டிஷ் அரசு சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தது.

1871-ல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911-ல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர்வாயில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். ஒரு ஆள் திருடினானா என்பது கேள்வியே இல்லை. அவன் பிறந்த சமூகம் அரசாணையில் இருந்தால் போதும், பெயர் பதிவாகும், கைரேகை எடுக்கப்படும், குறித்த நேரத்தில் போய் ஆஜராக வேண்டும். ராத்திரி ஊரை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரிச் சீட்டு என்ற பேச்சு தென்மாவட்டத்துப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவை எதிர்த்த மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. பட்டியலிலிருந்து விடுபட்ட சமூகங்களைத்தான் இன்று சீர்மரபினர் என்கிறோம். தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சில சமூகப் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கடலூர் மாவட்டம் என்றே எழுதியிருக்கும். நம் ஊர்க்காரர்கள்தான்.

சட்டம் போய்விட்டது. ஆனால் ஸ்டேஷனில் ஏட்டு ஏட்டுக்குக் கைமாற்றிக் கொடுத்த பழக்கம் சட்டத்தோடு போகவில்லை. 1993-ல் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத் தொழிலாளி, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு நடத்திய வழக்கு அது. ஆட்கொணர்வு மனு என்றால், ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்பது. அடையாளச் சந்தேகம் என்பது பையைத் திறந்து பார்ப்பதோடு நின்றுவிடும் எரிச்சல் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒரு தடவை படிக்க வேண்டும்.

அப்போ தடுக்கும் சட்டத்தில் என்னதான் எழுதுவார்கள்?

‘பாகுபாடு பார்க்காதே’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. எந்தக் காவலரும் “நான் சாதி பார்த்துத்தான் நிறுத்தினேன்” என்று சொல்லப்போவதில்லை, பல நேரம் அவருக்கே அது தெரியாது. அதனால் உருப்படியான சட்டங்கள் மனசைத் தோண்டுவதில்லை. பேப்பரைத் தோண்டுகின்றன. யாரை நிறுத்தினாய், எதற்கு நிறுத்தினாய், என்ன கிடைத்தது, அப்போதே எழுதி வை. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் இருக்கும் ஒரே பெரிய கண்டுபிடிப்பு இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவதே.

முதலில் வரையறை, அதாவது எது குற்றம் என்று கோடு போடுவது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2001 முதல் பலமுறை தாக்கலான ‘எண்ட் ரேசியல் புரொஃபைலிங் ஆக்ட்’ என்ற மசோதாவில் இந்தக் கோடு அழகாகப் போடப்பட்டிருக்கிறது. சாதாரண ரோந்திலோ திடீர்ச் சோதனையிலோ யாரை விசாரிப்பது என்று தீர்மானிக்கும்போது இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றை ‘எந்த அளவிலும்’ கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு: நம்பகமான தகவல் இருந்து, அது அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் பொருந்தி, குறிப்பிட்ட ஒரு குற்றத்தோடு ஆளை இணைத்தால் எடுக்கலாம்.

இந்த விதிவிலக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்த்தால் சட்டென்று விளங்கும். நேற்று ராத்திரி திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் செயினைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டான். “இந்தியில் கத்தினான், உயரமா இருந்தான், நீலச் சட்டை” என்கிறார் அவர். அன்றிரவு அந்தப் பக்கத்தில் அந்த அங்க அடையாளத்தோடு ஒருவனைத் தேடினால் அதில் மொழியும் ஒரு தடயம், தப்பில்லை. ஆறு மாதம் கழித்து, அதே சம்பவத்தைச் சொல்லி சிப்காட் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தால் அது வேறு. முதல் சம்பவத்தில் போலீஸ் ஓர் ஆளைத் தேடுகிறது. இரண்டாவதில் ஒரு கூட்டத்தையே ஆளாக்கிவிட்டது.

அடுத்தது பதிவு. இதற்குப் பழைய உதாரணம் இங்கிலாந்து. அங்கே 1824-ஆம் வருடத்து நாடோடிகள் சட்டம் ஒன்றை வைத்து, சந்தேகப்படும்படி சுற்றினான் என்றே ஆளைப் பிடிப்பார்கள். கறுப்பின இளைஞர்கள் மேல்தான் அது அதிகம் பாய்ந்தது. 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் சில நாட்களுக்குள் 900-க்கு மேற்பட்டோரைப் போலீஸ் நிறுத்திச் சோதித்ததும் கலவரம் வெடித்தது. 1984-ல் புதுச் சட்டம் வந்தது. நிறுத்திச் சோதிக்க நியாயமான சந்தேகம் வேண்டும், சோதிக்கும் முன் காரணத்தைச் சொல்ல வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், சோதிக்கப்பட்டவர் கேட்டால் நகல் தர வேண்டும்.

கலிஃபோர்னியா 2015-ல் போட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுத வேண்டும்: நேரம், இடம், காரணம், சோதித்தாரா, என்ன கிடைத்தது, எப்படி முடிந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. நிறுத்தப்பட்டவரின் இனம் என்ன என்று அவரிடம் கேட்கக் கூடாது, அடையாள அட்டையைப் பார்த்தும் எழுதக் கூடாது. காவலர் கண்ணுக்கு அவர் எந்த இனமாகத் தெரிந்தாரோ அதை எழுத வேண்டும். பாகுபாடு வேலை செய்வது கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே, நிஜத்தை வைத்து இல்லையே. 2024 முதல் அங்கே இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்திய காவலர் முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும். “எங்கே வேலை, எந்த ஊர், வண்டியில என்ன” என்று தூண்டில் போடுவதெல்லாம் அப்புறம்.

பதிவை அலமாரியில் பூட்டி வைத்தால் பயன் இல்லை. தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அப்போதுதான் வெற்றி விகிதத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். நியூயார்க் வழக்கில் ஜெயித்ததே போலீஸ் தன் கையால் நிரப்பிய படிவங்களை வைத்துத்தான்.

சுருக்கமாக: வரையறை கோடு போடுகிறது. பதிவு, காரணத்தை நேரத்திலேயே சொல்ல வைக்கிறது. வெளியிட்ட கணக்கு, தனி ஆளால் நிரூபிக்க முடியாததைக் கூட்டமாக நிரூபிக்கிறது.

ஓட்டைகளும் உண்டு

1996-ல் ரென் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உண்மையான போக்குவரத்து மீறல் ஒன்று இருந்தால் போதும், காவலரின் உள்நோக்கத்தை ஆராய வேண்டியதில்லை என்றது. வண்டி ஓட்டுகிற எவரும் கால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு விதியை மீறியே தீருவார். இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதைக் காட்டி யாரை வேண்டுமானாலும் மறிக்கலாம் என்றாகிவிட்டது. பதிவிலும் பொய் எழுதலாம்: டெக்சாஸில் நெடுஞ்சாலைப் போலீஸார் ஹிஸ்பானிக் ஓட்டுநர்கள் பலரை வெள்ளையர் என்று பதிந்திருந்தது 2015-ல் அம்பலமானது. இங்கிலாந்தில் 1994-ஆம் வருடச் சட்டத்தின் ஒரு பிரிவு, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சந்தேகமே இல்லாமல் சோதிக்க வழிவிடுகிறது. நான் மேலே புகழ்ந்த அமெரிக்க மசோதா இன்றுவரை சட்டமாகவில்லை. ஜார்ஜ் ஃபிளாய்ட் பெயரிலான பெரிய மசோதாவுக்குள் சேர்க்கப்பட்டு 2020-லும் 2021-லும் கீழ்ச்சபையில் நிறைவேறியது, மேல்சபையான செனட்டில் நின்றுபோனது.

பாரிஸில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு ஜன்னல் இருக்கிறது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பிரான்சில் நிறையப் பேர். அங்கேயே பிறந்து, பிரெஞ்சு பேசி, ஓட்டுப் போடுகிறவர்கள். தோல் மட்டும் நம்முடையது. பிரெஞ்சுச் சட்டம் போலீஸுக்குச் சாலையில் யாரிடமும் அடையாளக் காகிதம் கேட்கத் தாராளமாக இடம் கொடுக்கிறது. முகத்தைப் பார்த்துச் செய்யும் சோதனை என்றே அதற்கு அங்கே பேச்சுவழக்கில் பெயர்.

2017-ல் அந்நாட்டு உரிமைக் காப்பாளர் அமைப்பு 5,000 பேருக்கு மேல் விசாரித்து வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவராகவோ அரபியராகவோ தோன்றும் இளைஞர்கள் சோதிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு என்று வந்தது. அதற்குச் சற்று முன்பு, 2016 நவம்பரில், பிரான்சின் உயர்ந்த நீதிமன்றம் சில வழக்குகளில் அரசைப் பொறுப்பாளியாக்கி முக்கியமான ஒரு விதியைச் சொன்னது. பாதிக்கப்பட்டவர் பாகுபாட்டுக்கான அறிகுறியைக் காட்டினால் போதும், அப்படி இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை. நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறுவது என்பது இதுதான். சாதாரண ஆளிடம் போலீஸின் மனசைத் திறந்து காட்டு என்று கேட்பதைவிட, போலீஸிடம் உன் காரணத்தைக் காட்டு என்று கேட்பது நியாயம்.

ஆனால் பிரான்ஸ் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இனவாரியாகக் கணக்கெடுப்பதை அந்நாடு பொதுவாக ஏற்பதில்லை. சோதனை செய்தால் ரசீது கொடுக்க வேண்டும் என்று 2012 தேர்தலில் எழுந்த வாக்குறுதியும் கைவிடப்பட்டது. ரசீது இல்லை, எண்ணிக்கை இல்லை. ஒரே ஆளை ஒரே நாளில் மூன்று தடவை நிறுத்தினாலும் காகிதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. 2023 அக்டோபரில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், இப்படி நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டு, அதை மாற்றும் கொள்கையை வகுப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று கையை விரித்தது.

நம் சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

அடையாளச் சந்தேகத்தைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சமத்துவத்தையும், 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை வைத்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்பதையும் சொல்கின்றன. கோடு இருக்கிறது. பதிவு பாதிதான் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவுப்படி, ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் வாரண்ட் இல்லாமல் கைது செய்தால் ஏன் என்று காவலர் எழுத வேண்டும், கைது செய்யாவிட்டாலும் எழுத வேண்டும். 36-ஆம் பிரிவுப்படி கைது செய்பவர் தன் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும், கைதுக் குறிப்பு தயாரிக்க வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும். இதெல்லாம் போலீஸ் காவல் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின் வாரிசு.

கவனித்தீர்களா? எல்லாமே கைதுக்குத்தான். நம் ஊரில் பிரச்சினை பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. “சும்மா ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ” என்று கூப்பிடுவது, போட்டோ பிடிப்பது, பையைக் கொட்டச் சொல்வது, ரெண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து அனுப்புவது. ஸ்டேஷன் ரைட்டரின் நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. அபராதம் போட்டால் சலான் வரும், விட்டுவிட்டால் எதுவும் வராது. சிறையில் இருப்பவர்களின் சாதி வாரிக் கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது, அதில் பட்டியல் சாதியினரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிட அதிகம். ஆனால் தெருவில் யாரை நிறுத்தினார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போதே சாதியைக் கேட்கும் நாட்டில் இந்த ஒரு இடத்தில் மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

2024-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் இந்தப் பக்கம் திரும்பியது. ஒன்று மே மாதம், சரித்திரப் பதிவேடு பற்றி. சரித்திரப் பதிவேடு என்றால் ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்கக் காவல் நிலையம் திறந்து வைத்திருக்கும் கோப்பு. பேச்சுவழக்கில் ரவுடி லிஸ்ட். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகளின் பெயர் இதில் இயந்திரத்தனமாக ஏறிவிடக் கூடாது, உயரதிகாரி ஒருவர் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கவலையோடு சொல்லி, எல்லா மாநிலங்களும் இதைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொண்டது. இரண்டாவது அக்டோபர் 3-ஆம் தேதி, சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில். சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகள் செல்லாது என்றதோடு, அவர்கள் தன்னிச்சையாகக் கைது செய்யப்படாமல் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது.

1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் ஓரளவு உதவும். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது பொய் வழக்குப் போடுவது அதன்படி குற்றம். ஆனால் சீர்மரபினரில் பலர் அந்தப் பட்டியல்களில் இல்லை, ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் அது பொருந்தாது.

நாளைக்கே உங்களை நிறுத்தினால்

தனிச் சட்டம் வரும்வரை இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். போலீஸின் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று மேலே சொன்ன சன்ஹிதாவின் 172-ஆம் பிரிவு சொல்கிறது, அதனால் ரோட்டில் நின்று வாய்ச்சண்டை வேண்டாம். சட்டையில் உள்ள பெயரையும் இடத்தையும் நேரத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். “எதுக்கு சார் நிறுத்தினீங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள், பதில் வந்தாலும் வராவிட்டாலும் அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். போலீஸ் எழுதாத பதிவை நீங்களாவது எழுதியதாக இருக்கட்டும். கைது என்றால் காரணத்தைச் சொல்வதும் வீட்டுக்குத் தகவல் கொடுப்பதும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதும் அவர்கள் கடமை.

புகார் சொல்லப் புதுச்சேரியில் காவல் புகார் ஆணையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013-ஆம் வருடச் சட்டப்படி உள்ள ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரே தலைவர். போலீஸ் துறையை நிர்வகிப்பவரிடமே போலீஸைப் பற்றிப் புகார் சொல்வதா என்ற விமர்சனம் அதன்மேல் உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள், ஊர் எதுவானாலும் மொழி எதுவானாலும், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் அந்த வடக்கத்திப் பசங்களிடமும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.